உப்புப் போடுமுன் எடுத்த சோறு

எடைத் தட்டில் உட்கார வைத்ததும் பிரவின்குமார் காலை உதறினான். முள் ஆடி ஆடி அடங்கியது. போன மாதம் எங்கே நின்றதோ அங்கேயேதான் நின்றது.

குழந்தை டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொற்கொடியைப் பார்த்தார்.

"பகல்ல என்ன சாப்பிடறான்?"

"நாங்க சாப்பிடறதுதானுங்க. நீங்க சொன்ன மாதிரியே உப்பு, காரம் போடறதுக்கு முன்னால அவனுக்குத் தனியா எடுத்து வெச்சர்றோமுங்க. சோறு, பருப்பு, கீரை, பூசணிக்கா, எல்லாம் மசிச்சுத்தானுங்க."

"எடுத்து வைக்கறது சரி. அது வயித்துக்குள்ள போகுதா?"

பொற்கொடிக்குச் சுருக்கென்றது. "பொழுதோட வேலை முடிஞ்சு வந்து நான் ஊட்டுனா நல்லாச் சாப்பிடறானுங்க. கிண்ணத்தைக் கீழ வெக்க உடமாட்டான்."

"பகல்ல ஊட்டறது யாரு?"

"என்ற ஊட்டுக்காரரோட அக்காங்க."

டாக்டரம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. "கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் வெளியே வரும்போது அந்த வார்த்தை பொற்கொடியின் காதிலேயே நின்றுவிட்டது. என்னன்னு பாருங்க.

வாசலில் பெஞ்சில் புருசனின் அக்கா நாச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பொற்கொடியின் இடுப்பிலிருந்து தாவினான். "என்ற ராசா வந்துட்டானா" என்று அவள் வாங்கி அணைத்துக்கொண்டாள். இத்தனை நாள் சந்தோஷமாகப் பார்த்த அந்தத் தாவலை அன்றைக்குப் பொற்கொடியால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

பொற்கொடியும் புருசன் கதிரேசனும் பீளமேட்டில் பழைய மில்லுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தார்கள். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட ஓட்டு வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். கதிரேசனுக்கு லேத்துப் பட்டறையில் வேலை. பொற்கொடி மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறையில் இருந்தாள். செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி அவள் விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. பிரசவத்துக்கு லீவு போட்டவளை முதலாளி மறுபடி கூப்பிட்டபோது குழந்தைக்கு ஏழு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சமயத்தில்தான் நாச்சியம்மாள் அந்தியூரிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினாள். அவளுடைய புருசன் பாலுசாமி, குழந்தை இல்லை என்று சொல்லி இன்னொருத்தியைக் கூட்டிவந்துவிட்டான். "அங்க இருந்து நான் என்ன பண்றது? இங்க இருந்தா பையனையாவது பாத்துக்குவேன்" என்றாள். பொற்கொடிக்கு அப்போது அது தெய்வம் அனுப்பிய மாதிரிதான் இருந்தது.

உப்புக் கதை அதற்குப் பிறகு வந்தது. வீட்டுச் சாப்பாட்டையே குழந்தைக்குப் பழக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் ஒரு வயது வரைக்கும் உப்பு வேண்டாம். சின்னச் சிறுநீரகம் அதைத் தாங்காது, பாலிலும் காயிலும் தானாக இருக்கிறதே போதும் என்றார். லைன் வீட்டில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. நாச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "டாக்டர் சொன்னா செரி" என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டாள். அன்றைக்கு அது பொற்கொடிக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது எடைக்குப் போய் வந்த பிறகு யோசித்தால், அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே ஒரு மாதிரியாகப் பட்டது. ஊரில் ஒருத்தர்கூட ஒத்துக்கொள்ளாத விஷயத்தை இவள் மட்டும் ஏன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள்?

அன்றிலிருந்து பொற்கொடி பார்க்க ஆரம்பித்தாள்.

காலையில் சமையலைப் பொற்கொடியே முடித்துவிடுவாள். சோற்றிலும் பருப்பிலும் காயிலும் உப்புப் போடுவதற்கு முன்னால் குழந்தையின் பங்கை ஒரு சின்ன எவர்சில்வர் குண்டாவில் எடுத்து மூடிவைப்பாள். பொழுதுசாயத் திரும்பி வரும்போது குண்டா கழுவிக் கவிழ்த்திருக்கும். "சாப்பிட்டானுங்களா அண்ணி?" என்று கேட்டால், "எங்கே அம்மணி, நாலு வாய் வாங்குனான், துப்பிப்போட்டான்" என்பாள் நாச்சியம்மாள். நாலு வாய்தான் வாங்கினான் என்றால் குண்டா ஏன் காலி? இத்தனை நாள் இந்தக் கேள்வி பொற்கொடிக்குத் தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு வேறெதுவும் தோன்றவில்லை.

இன்னொன்றையும் கவனித்தாள். பெரியவர்களுக்கு என்று வைத்துவிட்டுப் போன குழம்பு மத்தியானத்துக்கு மேல் குறையவே இல்லை. கதிரேசனும் அவளும் டிபன் பாக்ஸில் எடுத்துப் போய்விடுகிறார்கள். வீட்டில் மத்தியானம் சாப்பிடுவது நாச்சியம்மாள் ஒருத்திதான். அவள் எதைச் சாப்பிடுகிறாள்?

அடுத்த நாள் குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மெர்சியிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள்.

"எங்கண்ணி பகல்ல பையனுக்கு ஊட்டறதைப் பாத்திருக்கீங்களாக்கா?"

மெர்சி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேன்னு சொல்லீராதே. ஒருக்கா தயிர் ஒற வாங்கறதுக்குப் போனேன். உன்ற பையன் அக்கட்டால ஒரு மூலையில தவழ்ந்துட்டிருக்கறான். உங்கண்ணி செவுத்துல சாஞ்சுட்டு அந்தச் சின்னக் குண்டாவுல இருந்து வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. என்னையக் கண்டதும் சேலையில வாயத் தொடச்சுட்டாங்க."

குடம் நிரம்பி வழிந்தது. பொற்கொடிக்குக் குழாயை மூடத் தோன்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் கொடுமுடியிலிருந்து அவளுடைய அக்கா மாசாணியம்மாள் வந்தாள். வெறுங்கையோடு வருகிறவள் இல்லை. கோயில் பிரசாதம், வாழைப்பழம், குழந்தைக்கென்று வறுத்து அரைத்த பருப்புப் பொடி. முன்பு கொடுத்தது தீர்ந்திருக்கும் என்று இந்தத் தடவை பெரிய டப்பாவாகவே கொண்டுவந்திருந்தாள். பட்டறையிலிருந்து களைத்து வருகிற பொற்கொடிக்கு அந்தப் பொடி பெரிய உதவி. சுடுசோற்றில் ஒரு கரண்டி பொடி, கொஞ்சம் நெய். பையன் கிண்ணத்தை நக்காத குறையாகச் சாப்பிடுவான். பகலெல்லாம் பிரிந்திருக்கிறவளுக்கு அந்த ஒரு வேளைதான் குழந்தையோடு இருக்கிற வேளை. அதனால் பொடி டப்பாவைத் தன் துணி அலமாரியிலேயே வைத்திருந்தாள், வேறு யாரும் எடுக்காமல்.

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எடை, குண்டா, குறையாத குழம்பு, மெர்சி சொன்னது. மாசாணியம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"பெத்தவளா இருந்தாத்தானடி அந்தப் பசி தெரியும்? நான் அப்பவே சொன்னேன், ஊட்டுக்காரர் பக்கத்துச் சனத்தை நம்பிப் பச்சைக் கொழந்தையை உடாதேன்னு. நீ வந்து ஊட்டுனா இந்தத் தின்னு திங்கறானே, அது ருசியில திங்கறானா, பசியில திங்கறானா?"

பொற்கொடி மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். அவன் கிண்ணத்தை எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பசிதான். வேறு என்னவாக இருக்கும்?

கதிரேசனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்த துணியை எறிந்துவிட்டான்.

"எங்கக்கா கொழந்தை சோத்தைப் புடுங்கித் தின்னுச்சுன்னா சொல்றே? ஆத்தா கழனி வேலைக்குப் போனப்ப என்னைய வளத்துனதே அவதான்."

"நான் அப்படிச் சொல்லலீங்க. எடை ஏறலைன்னு டாக்டர் சொல்றாங்க. அதுக்கு என்னதானுங்க அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியாது. இனியொரு தடவை இந்தப் பேச்சை எடுக்காதே."

அவன் பேச்சை நிறுத்தியது பொற்கொடியின் சந்தேகத்தை நிறுத்தவில்லை. அது இன்னும் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. பட்டறையில் கம்பி சுற்றும்போதெல்லாம் அவள் மனம் சுற்றுக் கணக்கை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய் நின்றது. இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? நல்ல தண்ணீர் வராத நாளில் உப்புத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கிறாளோ? தூங்கவைத்துவிட்டு அக்கம்பக்கம் போய்விடுகிறாளோ? "எங்க பையன், எங்க பையன்" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறாளே, அவனைத் தன்னிடமிருந்தே பிரிக்கப் பார்க்கிறாளோ? ஒன்றுக்கொன்று பொருந்தாத சந்தேகங்கள்தான். பட்டினி போடுகிறவள் ஏன் கொஞ்ச வேண்டும் என்று அவளே கேட்டுக்கொள்வாள். பதில் கிடைக்காது. சந்தேகமும் போகாது.

ஒரு நாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். நாச்சியம்மாள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கோணுமுங்க. பையனுக்கு எடுத்து வெக்கற சோத்தை நீங்க சாப்பிடறீங்களா?"

நாச்சியம்மாளின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி மடித்தது.

"சாப்பிடறேன்."

இவ்வளவு நேராகப் பதில் வரும் என்று பொற்கொடி எதிர்பார்க்கவில்லை.

"ஏனுங்க?"

"மிச்சமானா சாப்பிடறேன். கொட்டறதுக்கு மனசு வருலை."

"அவன் சாப்பிட்டா எப்படீங்க மிச்சமாகும்?"

"அவன் சாப்பிடறதில்லைன்னுதான் தெனமும் சொல்றனே, அம்மணி."

"எங்கிட்ட மட்டும் எப்படிச் சாப்பிடறான்?"

"அதுதான் எனக்கும் தெரியலை."

"எனக்குத் தெரியுமுங்க. பகலெல்லாம் பட்டினி கெடந்தவன் பொழுதோட அப்படித்தான் திம்பான்."

நாச்சியம்மாள் எழுந்து நின்றாள். மடித்த துணிகள் மடியிலிருந்து சரிந்தன.

"நான் பட்டினி போட்டேன்னா சொல்றே?"

"வேற என்னங்க சொல்றது? உங்களுக்கென்ன தெரியும், நீங்க..."

பொற்கொடி அங்கேயே நிறுத்திவிட்டாள். ஆனால் நிறுத்திய இடம் தப்பு. மீதியை நாச்சியம்மாள் தானே முடித்துக்கொண்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் குனிந்து விழுந்த துணிகளைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றாக மறுபடி மடித்து அடுக்கினாள்.

"ஞாயித்துக்கெழமை நான் அந்தியூர் போறேன். எங்க சித்தி ஊடு இருக்குது. அதுவரைக்கும் பையனைப் பாத்துக்கறேன். நம்புனா உட்டுட்டுப் போ. நம்பாட்டி லீவு போட்டுக்க."

லீவு போட முடியாது. அவசர ஆர்டர் இருந்தது. மறுநாளும் வழக்கம்போலக் குண்டாவை எடுத்து மூடிவைத்துவிட்டுப் போனாள். போகும்போது குழந்தை அழவில்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நாச்சியம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பட்டறையில் கரண்ட் போய்விட்டது. லைனில் ஏதோ கோளாறு, சாயங்காலம் வரை வராது என்று ஆள் வந்து சொன்னான். முதலாளி எல்லோரையும் போகச் சொன்னார். மற்றவர்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். பொற்கொடி நிற்கவில்லை. வெயிலில் விறுவிறுவென்று நடந்தாள். இன்றைக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு நடிக்கிறவளாக இருந்தாலும் இந்த நேரத்தில் நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியாது. லைன் வீட்டுக்கு முன்பக்கமாகப் போனால் யாராவது கூப்பிடுவார்கள் என்று மில் சுவரை ஒட்டிய சந்து வழியாகப் பின்பக்கம் வந்தாள். சமையலறை ஜன்னல் பாதி திறந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

நாச்சியம்மாள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவளுக்கு எதிரில். நடுவில் அந்தக் குண்டா. அவள் சோற்றை விரலால் நன்றாக மசித்து ஒரு வாய் எடுத்துக் குழந்தையின் உதட்டருகே கொண்டுபோனாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். "இங்க பாரு சாமி, அத்தை சாப்பிடறேன் பாரு" என்று அதைத் தன் வாயில் போட்டு, கண்ணை அகல விரித்து, "ஆகா, மம்மு எத்தனை நல்லாருக்குது" என்று மென்றாள். குழந்தை சிரித்தான். அந்தச் சிரிப்பில் திறந்த வாய்க்குள் அடுத்த கவளத்தை வைத்தாள். அவன் நாக்கால் தள்ளினான். மோவாயில் வழிந்ததை அவள் துடைத்தாள். மறுபடி ஒரு வாய் அவள், ஒரு வாய் அவன். அவன் மறுபடி துப்பினான். முன்வாசலுக்குத் தூக்கிப்போய்க் கோழியைக் காட்டினாள். கொண்டுவந்து உட்காரவைத்தாள். தலையில் குண்டா மூடியைக் கவிழ்த்துக்கொண்டு ஆடிக் காட்டினாள். ஒரு வாய் உள்ளே போனது. அடுத்தது வெளியே வந்தது. கடைசியில் அவள் கையைக் குண்டாவில் வைத்தபடியே அசையாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"உன்னால எனக்குக் கெட்ட பேரு, கண்ணு" என்றாள் மெதுவாக. குரல் உடைந்திருந்தது. "அம்மா கிட்டத் திங்கறயாமே. எங்கிட்ட என்னடா கோவம்?"

பொற்கொடி ஜன்னலை விட்டு விலகினாள். பிறகு சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து உள்ளே போனாள். நாச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பொற்கொடி பக்கத்தில் உட்கார்ந்து குண்டாவிலிருந்து ஒரு கை எடுத்து வாயில் போட்டாள். வாய் அப்படியே நின்றுவிட்டது. சோறா, நனைத்த பஞ்சா என்று தெரியவில்லை. பூசணிக்காயின் லேசான இனிப்பைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. விழுங்குவதற்குக் கஷ்டப்பட்டாள். இதையா இவள் தினமும் மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்? ரசித்துச் சாப்பிடுகிற மாதிரி நடித்துக்கொண்டு?

"நீங்க குழம்பு ஊத்திச் சாப்பிடறதில்லைங்களா?"

"அவன் தட்டுல ஒண்ணு, என்ற தட்டுல ஒண்ணு இருந்தா அவனுக்குத் தெரிஞ்சுபோகுது. என்ற தட்டுக்கே கையை நீட்டறான். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் ஒரு வாயாவது வாங்கறான். அப்பறம் மிச்சத்தையும் நானே தின்னுபோடறேன். அதுலயே வயிறு நெறைஞ்சு போகுது."

பொற்கொடி குண்டாவையே பார்த்தாள். இவள் சொல்வது உண்மை. கண்ணால் பார்த்தாகிவிட்டது. அப்படியென்றால் என் கையில் மட்டும் எப்படிச் சாப்பிடுகிறான்? பசியில்லை. பாசமும் இல்லை, இவளிடம்தான் தாவுகிறானே. காரணம் கையில் இல்லை என்றால் கிண்ணத்தில்தான் இருக்க வேண்டும்.

எழுந்துபோய்த் துணி அலமாரியைத் திறந்தாள். பொடி டப்பாவைக் கொண்டுவந்து, சோற்றில் ஒரு கரண்டி போட்டுப் பிசைந்தாள். சாயங்காலம் செய்கிற மாதிரியேதான். குழந்தை அதைக் கண்டதும் தவழ்ந்து வந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். ஒரு வாய் கொடுத்தாள். விழுங்கிவிட்டு மறுபடி திறந்தான். நாச்சியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது கவளத்தைப் பொற்கொடி குழந்தைக்குக் கொடுக்கவில்லை. தன் வாயில் வைத்தாள்.

இதற்கு முன்னும் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் தெரிந்ததில்லை. மத்தியானம் ஊறுகாயோடு சாப்பிட்ட நாக்குக்கு அது சப்பென்றுதான் இருந்தது. இப்போது உப்பில்லாத சோற்றை விழுங்கிய வாய்க்கு அது வேறாக இருந்தது. கரித்தது. வெறும் பொடியை எடுத்து நாக்கில் போட்டாள். சந்தேகமே இல்லை. உப்பு.

நாச்சியம்மாளும் ஒரு துளி எடுத்து வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பொற்கொடிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அண்ணி..." என்று ஆரம்பித்தாள்.

"பையனுக்குத் தண்ணி குடு. உப்பத் தின்னுருக்கறான்" என்று எழுந்துகொண்டாள் நாச்சியம்மாள்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். கதிரேசன் பஸ் ஏற்றிவிடப் போனான். பொற்கொடி மன்னிப்புக் கேட்டாள், அழுதாள், கையைப் பிடித்தாள். "கோவமில்லை அம்மணி. ஆனா இருக்கப் புடிக்கலை" என்று கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் பொற்கொடி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், கொடுமுடியில் அக்கா வீட்டுக்கு எதிரிலிருந்த கடைக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னாள்.

"பொடியில உப்புப் போட்டியாக்கா?"

"போடாமெ? ஒரு கை போட்டேன். இல்லாட்டி பொடி பூச்சி புடிச்சுப் போகாதா? உப்பில்லாம எந்தக் கொழந்தையடி திங்கும்?"

"மொதல்ல பொடி குடுத்தப்பவே நான் கேட்டனே, உப்பில்லாமத்தானேன்னு?"

"கேட்டே. எனக்குத் தெரியாதாடின்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்சதைத்தான் போட்டேன். மூணு பெத்து வளத்துனவளுக்கு நீ சொல்லித் தாறயா?"

பொற்கொடி போனை வைத்தாள். அக்காவின் பேச்சில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் வினோதம். அக்கா பொய் சொல்லவில்லை. தான்தான் அந்தப் பதிலை உப்பில்லை என்று எடுத்துக்கொண்டோம். சொந்த அக்கா கொடுத்ததை ஒரு தடவைகூட நன்றாக வாயில் போட்டுப் பார்க்கவில்லை. புருசனின் அக்காவைத்தான் பானைக்குப் பானை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பட்டறையில் கெஞ்சி லீவு வாங்கினாள். பொடியைக் குப்பையில் கொட்டினாள். உப்பில்லாத சோற்றைத் தானே ஊட்ட ஆரம்பித்தாள். முதல் நாள் பிரவின்குமார் அவளை நம்ப முடியாதவன் மாதிரி பார்த்தான். பிறகு துப்பினான். கிண்ணத்தைத் தட்டிவிட்டான். சுவரில் பருப்பு வழிந்தது. மறுநாளும் அப்படித்தான். கீரையை மசித்துக் கொடுத்தாள், வாயை இறுக்கிக்கொண்டான். வாழைப்பழத்தை மட்டும் வாங்கினான். கோழியைக் காட்டினாள், பாட்டுப் பாடினாள், தலையில் மூடியைக்கூடக் கவிழ்த்துக்கொண்டாள். கடைசியில் ஒன்றும் பலிக்காமல், நாச்சியம்மாள் செய்த மாதிரியே அவன் எதிரில் உட்கார்ந்து அதே சோற்றை ஒரு வாய் தானும் ஒரு வாய் அவனுமாகச் சாப்பிட்டாள். மென்று விழுங்குவது ஒரு தண்டனையாக இருந்தது. இப்படி எத்தனை நாள் அவள் சாப்பிட்டாள், அதுவும் சொல்லிக்காட்டாமல் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வாயை எடுத்தாள்.

வாரம் முடிவதற்குள் அவன் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க ஆரம்பித்தான். பசி ஒரு பக்கம், உப்பை நாக்கு மறந்தது ஒரு பக்கம். பூசணிக்காய் என்றால் கையை நீட்டினான். அன்றைக்கே பொற்கொடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்தியூரில் சித்தி வீடு சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. நாச்சியம்மாள் வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூரத்திலேயே அவளைக் கண்டுகொண்டு கத்தினான். அவள் எழுந்து வந்து அவனை வாங்கிக்கொண்டாள். முகத்தை அவன் வயிற்றில் புதைத்து முகர்ந்தாள். பொற்கொடியைப் பார்க்கவில்லை.

"இப்பத் திங்கறானுங்க அண்ணி. நீங்க ஊட்டுன அதே சோறுதான்" என்றாள் பொற்கொடி. "தப்பு என்னோடதுங்க. உங்களையச் சந்தேகப்பட்டது..."

"சந்தேகப்பட்டதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லலை. எடை ஏறலைன்னா பெத்தவ கேக்கத்தான் கேப்பா. ஆனா எங்கிட்ட வந்து கேட்டியா? குழாயடியில மெர்சிகிட்டக் கேட்டே. அப்பறம் ஒரு பேச்சைப் பாதியில உட்டுட்டே பாரு. அதை முழுசாச் சொல்லியிருந்தாக்கூட நான் மறந்திருப்பேன். பாதியில நிக்கறது போகவே மாட்டீங்குது."

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். நிமிராமலே கேட்டாள்.

"ஊட்டுக்கு வாரீங்களாங்க?"

குழந்தை நாச்சியம்மாளின் கழுத்து மணியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் அதை விடுவித்தாள்.

"வாரேன். பையனுக்காகத்தான் வாரேன். ஆனா இனிமே அவன் வாய்க்குப் போறது எதுவா இருந்தாலும் மொதல்ல என்ற வாய்க்கு வரோணும். நீ கொண்டு வந்தாலும் செரி, உங்கக்கா குடுத்தாலும் செரி. அதுக்கு நீ மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"செரிங்க அண்ணி."

அப்படித்தான் அவள் திரும்பி வந்தாள். திரும்பி வந்த பிறகு வீட்டில் சமையல் மாறியது. பெரியவர்களுக்கும் பானையில் உப்புப் போடுவதை நாச்சியம்மாள் நிறுத்திவிட்டாள். தட்டில் போட்டுக்கொள்ளுங்கள் என்று உப்பு ஜாடியை நடுவில் வைத்தாள். கதிரேசன் முதல் நாள் முணுமுணுத்தான். பிறகு பழகிக்கொண்டான். அடுத்த மாதம் முள் கொஞ்சம் நகர்ந்தது. அதற்கடுத்த மாதம் இன்னும் நன்றாகவே நகர்ந்தது.

ஆனால் நாச்சியம்மாள் பழைய நாச்சியம்மாள் இல்லை. பொற்கொடி சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டு சோறு பிசைய உட்கார்ந்தால், எங்கிருந்தாலும் வந்து எதிரில் நிற்பாள். "என்ன போட்டே?" என்பாள். "பருப்புத்தானுங்க." "எந்தப் பருப்பு?" கிண்ணத்தில் விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசிப்பாள். கடையில் வாங்கிய ரஸ்க்கை ஒடித்து முகர்ந்து பார்ப்பாள். பிஸ்கட்டை நாக்கில் வைத்துவிட்டு, "இதுல இருக்குது, வேண்டாம்" என்று தள்ளிவைப்பாள். பொங்கலுக்கு மாசாணியம்மாள் வந்தபோது அவள் பையை வாசலிலேயே வாங்கி உள்ளே கொண்டுபோய் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துவிட்டாள். மாசாணியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னடி இது, திருடனைச் சோதிக்கறாப்பல?" என்று தங்கையிடம் கேட்டாள்.

பொற்கொடி சமையலறைப் பக்கம் பார்த்தாள். உள்ளே நாச்சியம்மாள் முறுக்கை ஒடித்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு தனக்கும் ஒன்று வேண்டும் என்று எம்பிக்கொண்டிருந்தான்.

"பாக்கட்டும் உடு, அக்கா" என்றாள் பொற்கொடி. "நல்லாப் பாக்கட்டும்."